ஓய்வுக்குப் பின் லைசன்ஸ் கட்டணமும் படிப்புச் செலவும்: வருமான வரியில் எதைக் கழிக்கலாம்?

அறுபது வயதில் கம்பனி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கடையைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு வீட்டில் இருப்பவர் என்று சொல்லப்படும் பலர் உண்மையில் சும்மா இருப்பதில்லை. வெள்ளவத்தையில் ஓய்வு பெற்ற கணக்காளர் ஒருவர் புறக்கோட்டைக் கடைகள் மூன்று நான்குக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறார். கொட்டாஞ்சேனையில் துறைமுக வேலையில் காலம் கழித்த சுங்க முகவர் பழைய வாடிக்கையாளர் சிலரின் சரக்குகளை மட்டும் இன்னும் விடுவித்துக் கொடுக்கிறார். இரத்தினக்கல் வியாபாரம் செய்தவரோ, கடையை மூடினாலும் கல்லைக் கையில் எடுத்துப் பார்க்கும் பழக்கத்தை மூடுவதில்லை.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரு செலவு உண்டு. ஆண்டுதோறும் ஏதாவது ஒரு அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கவேண்டும், ஏதாவது ஒரு நிறுவகத்துக்குச் சந்தா கட்டவேண்டும், புதிய சட்டங்களைத் தெரிந்துகொள்ள ஒரு கருத்தரங்குக்கோ குறுகிய பாடநெறிக்கோ போகவேண்டும். இந்தப் பணத்தை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாமா என்பதே கேள்வி. இதற்கு ஊரில் இரண்டு விதமான பதில் நடமாடுகிறது. "லைசன்ஸ் காசு எப்போதும் கழிக்கலாம்" என்பது ஒன்று. "ஓய்வு பெற்றுவிட்டால் ஒன்றும் கழிக்க முடியாது" என்பது மற்றது. இரண்டும் பிழை. வரி கட்டும் அளவுக்கு வருமானம் உள்ளவருக்கு இந்தப் பிழையின் விலை ஆண்டுக்குப் பல்லாயிரம் ரூபாவாகலாம்.

சம்பளமா, தொழிலா?

இன்று நடைமுறையில் இருப்பது 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம். 2018 ஏப்ரல் 1ஆம் திகதி முதல் அது அமுலுக்கு வந்தது. பின்னர் பல தடவைகள் திருத்தப்பட்டது. இந்தச் சட்டம் ஒருவருடைய வருமானத்தைத் தொழில்வாய்ப்பு வருமானம், வியாபார வருமானம், முதலீட்டு வருமானம், ஏனைய வருமானம் எனப் பிரிக்கிறது. மாதச் சம்பளம் முதலாவதில் வரும். கடை, தரகு, சுயமாகச் செய்யும் கணக்கு வேலை, சட்ட ஆலோசனை, டியூஷன் ஆகியன எல்லாம் வியாபாரத்தில் வரும். வட்டியும் வாடகையும் பெரும்பாலும் முதலீட்டில் வரும்.

செலவைக் கழிக்கும் உரிமை இந்தப் பிரிவைப் பொறுத்தது. வியாபார வருமானத்தையோ முதலீட்டு வருமானத்தையோ உழைப்பதற்காகச் செய்த செலவைக் கழிக்கலாம் என்று சட்டத்தின் 11ஆம் பிரிவு சொல்கிறது. சம்பளத்துக்கு அந்த வாசல் திறக்கப்படவில்லை. ஒரு கம்பனியில் கணக்காளராக இருக்கும்போது தன் சொந்தப் பணத்தில் நிறுவகச் சந்தா கட்டியவர் அதைச் சம்பளத்திலிருந்து கழிக்க முடியாது. அதே மனிதர் ஓய்வு பெற்று, தன் பெயரில் வேலை எடுத்துச் செய்யத் தொடங்கியதும் அதே சந்தா கழிக்கக்கூடிய செலவாகிவிடுகிறது. ஓய்வு பெற்றால் சலுகை போய்விடும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். இங்கே ஓய்வு பெற்ற பிறகுதான் பலருக்கு அந்தச் சலுகையே பிறக்கிறது.

வெளிநாட்டில் உள்ள பிள்ளைகள் சொல்லும் ஆலோசனை இவ்விடத்தில் பலரைக் குழப்பிவிடுகிறது. பிரித்தானியாவில் அங்கீகரிக்கப்பட்ட தொழில்சார் நிறுவகங்களுக்குக் கட்டும் சந்தாவைச் சம்பளக்காரரும் கழிக்கலாம். அமெரிக்காவில் முன்பு அப்படி ஒரு வழி இருந்தது. 2018 முதல் பெரும்பாலான சம்பளக்காரருக்கு மத்திய அரசின் வரியில் அது இல்லை. சுயதொழில் செய்வோருக்கு மட்டும் தொடர்கிறது. லண்டனில் உள்ள மகன் சொல்வது லண்டனுக்குச் சரியாக இருக்கலாம், கொழும்பில் அதை வைத்துப் படிவம் நிரப்பக்கூடாது.

ஓய்வு பெறும்போது மொத்தமாகக் கிடைக்கும் பணத்தையும் இதனோடு கலக்கவேண்டாம். பணிக்கொடை போன்ற ஓய்வுக்காலக் கொடுப்பனவுகளுக்குத் தனி வரி வீதம் உண்டு. முதல் 1 கோடி ரூபாவுக்கு வரி இல்லை, அடுத்த 1 கோடிக்கு 6 வீதம், அதற்கு மேல் 12 வீதம். லைசன்ஸ் செலவையோ படிப்புச் செலவையோ அந்தப் பணத்தில் கழிப்பதற்கு இடமில்லை. அரசாங்க ஓய்வூதியத்துக்கு வரியே இல்லை. ஆகையால் அதில் கழிப்பதற்கும் ஒன்றும் இல்லை.

அனுமதிப்பத்திரக் கட்டணம்

தொழிலை நடத்துவதற்குச் சட்டப்படி தேவைப்படும் அனுமதிப்பத்திரத்தின் ஆண்டுக் கட்டணத்தில் பெரிய சிக்கல் இல்லை. இரத்தினக்கல் வியாபாரிக்குத் தேசிய இரத்தினக்கல் ஆபரண அதிகாரசபை ஆண்டுதோறும் கொடுக்கும் அனுமதிப்பத்திரம், மருந்துக் கடைக்குத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை கொடுப்பது, கடைக்கு மாநகர சபை கொடுக்கும் வியாபார அனுமதிப்பத்திரம் ஆகியன இல்லாமல் அந்த வருமானத்தை உழைக்கவே முடியாது. எனவே அவை வருமானத்தை உழைப்பதற்கான செலவு. பட்டயக் கணக்காளர் நிறுவகம் போன்றவற்றின் ஆண்டுச் சந்தாவும் அந்தத் தகுதியை வைத்து ஒருவர் தொழில் செய்யும்வரை இப்படியே.

பல வருடங்களுக்குச் சேர்த்து ஒரே தடவையில் கட்டும் கட்டணத்தில்தான் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். 12 மாதங்களுக்கு மேல் பயன் தரும் செலவைச் சட்டம் மூலதனச் செலவாகப் பார்க்கிறது. மூலதனச் செலவை அந்த ஆண்டிலேயே முழுதாகக் கழிக்க விடாது. உதாரணமாக ஐந்து வருடத்துக்குச் செல்லுபடியாகும் பதிவு ஒன்றுக்கு 20,000 ரூபா கட்டினால், அது கண்ணுக்குத் தெரியாத சொத்து ஒன்றைப்போல ஐந்து வருடத்துக்குப் பகிரப்பட்டு, ஆண்டுக்கு 4,000 ரூபா வீதம் மூலதனக் கழிப்பனவாக வரும். தொகை சிறியதுதான். ஆனால் கணக்கில் அது எந்த வரியில் எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்தே இறைவரி அதிகாரி உங்கள் மற்றக் கணக்குகளையும் எடைபோடுவார்.

கணினி, அச்சு இயந்திரம் போன்றவையும் இதே வழியில்தான். 2,50,000 ரூபாவுக்கு வாங்கிய கணினியை ஐந்து ஆண்டுகளில் ஆண்டுக்கு 50,000 ரூபா வீதம் கழிக்கலாம். பேரப்பிள்ளைகள் அதில் விளையாடும் நேரத்துக்கு உரிய பங்கைக் கழிக்க முடியாது என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

கடையை மூடியவரும் கைவிடாதவரும்

உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. வியாபாரத்தை நிறுத்திவிட்டார், ஆனால் அனுமதிப்பத்திரத்தை மட்டும் விடாமல் புதுப்பித்து வருகிறார். ஒரு தடவை விட்டால் திரும்ப எடுப்பது பெரும்பாடு என்பது காரணமாக இருக்கலாம். நாற்பது வருடம் வைத்திருந்த ஒன்றை விட மனமில்லாமலும் இருக்கலாம். மனம் சொல்வது நியாயம்தான், ஆனால் வரிச் சட்டத்துக்கு மனம் ஒரு காரணமல்ல. வருமானமே வராத, வருமானம் உழைக்கும் எண்ணமும் இல்லாத ஒருவர் கட்டும் கட்டணம் அவருடைய சொந்தச் செலவு. வங்கி வட்டியிலிருந்தோ வீட்டு வாடகையிலிருந்தோ அதைக் கழிக்க முடியாது. அந்த வட்டியை உழைத்துத் தந்தது அந்த அனுமதிப்பத்திரம் அல்ல.

ஆனால் "நிறுத்திவிட்டேன்" என்று சொல்பவர்கள் எல்லோரும் உண்மையில் நிறுத்தியவர்கள் அல்லர். பேருவளை சீனன்கோட்டைக்குப் போய் வருடத்தில் இரண்டு கல் வாங்கி, ஒன்றை விற்று, மற்றொன்றுக்குத் தரகு வாங்கினால் அது என்ன? சட்டம் வியாபாரம் என்ற சொல்லுக்குக் கொடுக்கும் பொருள் அகலமானது. வியாபாரத் தன்மையுள்ள தனியொரு கொடுக்கல் வாங்கலும், அது எவ்வளவு குறுகிய காலத்தில் நடந்தாலும், வியாபாரமே. நடந்து முடிந்த வியாபாரமும், இனி நடக்கவிருக்கும் வியாபாரமும்கூட அந்தச் சொல்லுக்குள் வரும். ஆகையால் அந்த இரண்டு கற்களின் இலாபம் வரிக்கு உட்பட்டது. அதற்கு எதிராக அவ்வாண்டின் அனுமதிப்பத்திரக் கட்டணத்தையும், கல்லைச் சோதிக்கக் கொடுத்த காசையும் கழிக்கலாம். இலாபத்தைக் காட்டும்போது "நான் ஓய்வு பெற்றவன்", செலவைக் காட்டும்போது "நான் வியாபாரி" என்று இரண்டு முகம் காட்ட மட்டும் வழியில்லை.

ஒரு வருடம் விற்பனை எதுவும் நடக்கவில்லை, ஆனால் வியாபாரம் நிறுத்தப்படவும் இல்லை என்றால்? அந்தக் கட்டணம் வியாபார நட்டமாகும். அந்த நட்டத்தை வேறு வியாபார வருமானத்திலோ முதலீட்டு வருமானத்திலோ ஈடுசெய்யலாம். மிஞ்சினால் அடுத்துவரும் ஆறு ஆண்டுகளுக்குக் கொண்டுசெல்லலாம். சம்பளத்தில் ஈடுசெய்ய முடியாது. இதைப் படித்துவிட்டு வட்டி வருமானத்தைக் குறைப்பதற்காக மூடிய கடையைத் திறந்ததாகக் காட்டவேண்டாம். கல்லை வாங்க முயன்றது, ஆட்களுக்குக் காட்டியது, விலை பேசியது ஆகியவற்றுக்கு ஏதாவது ஒரு தடயம் இருக்கவேண்டும்.

அடுத்தது வாப்பாவின் பெயரில் உள்ள அனுமதிப்பத்திரத்தில் மகன் வியாபாரம் செய்யும் குடும்பங்களின் நிலை. செட்டியார் தெருவிலிருந்து காலி வீதி வரை இது சாதாரணம். வியாபாரப் பெயர் வாப்பாவின் பெயரில், வங்கிக் கணக்கு வாப்பாவின் பெயரில், ஆனால் கல்லாவில் இருப்பது மகன். குடும்பத்துக்குள் இது நம்பிக்கை. இறைவரித் திணைக்களத்தின் பார்வையிலோ வருமானமும் வாப்பாவுடையது, வரியும் வாப்பாவுடையது. அவருடைய வட்டியும் வாடகையும் இதனோடு சேர்ந்து மேல்மட்ட வீதத்துக்கு ஏறிவிடும். மகனுக்குரிய தனிநபர் நிவாரணம் பயன்படாமல் போகும். மாறாக வருமானத்தை மகன் தன் பெயரில் காட்டி, வாப்பாவின் பெயரில் உள்ள பற்றுச்சீட்டை வைத்துச் செலவைக் கழிக்கப் பார்த்தால், "இது உம்முடைய செலவா?" என்ற கேள்வி வரும். வாப்பா உண்மையில் ஒதுங்கிவிட்டார் என்றால் அனுமதிப்பத்திரத்தையும் வியாபாரப் பதிவையும் மகன் பெயருக்கு மாற்றுவதே சுத்தமான வழி. ஒதுங்கவில்லை என்றால் பங்குடைமை உறுதி ஒன்றை எழுதி, அதன்படி கணக்கு வைக்கவேண்டும். வாப்பா இருக்கும்போதே இதைச் செய்துவிடுவது வாரிசுகளுக்கிடையில் பின்னாளில் எழக்கூடிய பிணக்கையும் தவிர்க்கும்.

படிப்புச் செலவு

அனுமதிப்பத்திரத்தைவிட வாசகர்கள் அதிகம் தடுமாறுவது இதில்தான். சட்டம் கையாளும் முறையும் சற்று விசித்திரமானது.

தனியாள் ஒருவருடைய வீட்டுச் செலவுகளைக் கழிக்க முடியாது என்று 10ஆம் பிரிவு சொல்கிறது. வீட்டுச் செலவு என்றால் அரிசி, பருப்பு மட்டுமல்ல. வீட்டிலிருந்து தொழிலிடத்துக்குப் போய்வரும் செலவு, வெளியிலும் உடுக்கக்கூடிய உடுப்பு ஆகியவற்றோடு, ஒருவர் தன்னைப் படிப்பித்துக்கொள்ளும் செலவும் அதற்குள் அடக்கப்பட்டிருக்கிறது. இந்தக் கடைசி விடயத்துக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அந்தப் படிப்பு அவர் நடத்தும் வியாபாரத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டதாக இருக்கவேண்டும், பட்டத்துக்கோ டிப்ளோமாவுக்கோ இட்டுச் செல்லாததாகவும் இருக்கவேண்டும். இரண்டு நிபந்தனையும் சேர்ந்தே நிறைவேறினால்தான் கழிக்கலாம்.

ஓய்வு பெற்றுத் தனியாகக் கணக்கு வேலை செய்பவர் வற் வரி மாற்றங்கள் பற்றிய இரண்டு நாள் கருத்தரங்குக்குப் போகிறார். சம்பந்தம் நேரடி, பட்டமும் இல்லை, டிப்ளோமாவும் இல்லை. கழிக்கலாம். அதே ஆள் வார இறுதியில் முதுமாணிப் பட்டம் படிக்கச் சேர்கிறார். அதில் கற்பது அத்தனையும் அவருடைய தொழிலுக்கு உதவினாலும் கழிக்க முடியாது. ஓய்வு பெற்ற ஆசிரியர் வெள்ளவத்தையில் டியூஷன் நடத்துகிறார், புதிய பாடத்திட்டம் பற்றிய பயிற்சிப் பட்டறைக்குக் காசு கட்டுகிறார். கழிக்கலாம். அவர் பொழுதுபோக்காக அரபு எழுத்தணிக் கலை படித்தால் சம்பந்தம் இல்லை, முடியாது. அந்த எழுத்தணியை எழுதி விற்கத் தொடங்கிய பிறகு அடுத்த கட்டப் பயிற்சிக்குப் போனால் பதில் மாறிவிடும்.

இரத்தினக்கல் துறையில் இந்த விதி மிகவும் உறைக்கிறது. பரம்பரையாகக் கல் பார்த்த கண்கள் இன்று போதவில்லை. சூடேற்றிய கல், கண்ணாடி நிரப்பிய கல், ஆய்வுகூடத்தில் வளர்த்த கல் ஆகியவற்றை வெறும் கண்ணால் பிரித்தறிவது கடினம். வெளிநாட்டுக் கொள்வனவாளர் ஆய்வுச் சான்றிதழ் கேட்கிறார். ஆகவே வயதான வியாபாரிகளும் இரத்தினவியல் படிக்கப் போகிறார்கள். அந்தப் படிப்பின் பெயர் டிப்ளோமா என்றால், எவ்வளவுதான் வியாபாரத்துக்கு அவசியமானாலும், கழிக்க முடியாது. அதே விடயத்தைக் கற்பிக்கும், சான்றிதழோடு முடியும் இரண்டு வாரப் பயிற்சி என்றால் கழிக்கலாம். எங்கள் அபிப்பிராயத்தில் இது நியாயமான கோடு அல்ல. படிப்பின் நோக்கத்தைப் பார்க்காமல் தாளின் தலைப்பைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதாக இருக்கிறது. அமெரிக்காவில் இதே கேள்விக்குப் பட்டமா இல்லையா என்று பார்ப்பதில்லை. அந்தப் படிப்பு ஒருவரை ஒரு புதிய தொழிலுக்குத் தகுதியாக்குகிறதா அல்லது இருக்கும் தொழிலில் திறமையை வளர்க்கிறதா என்று பார்க்கிறார்கள். நம் சட்டத்தை எழுதியவர்கள் வேறு வழியைத் தெரிந்திருக்கிறார்கள். சட்டம் உள்ளபடியே இருக்கும்வரை அதன்படிதான் நடக்கவேண்டும்.

சிலர் இதற்குக் குறுக்கு வழி தேடுகிறார்கள். டிப்ளோமாவை நான்கு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிப் பற்றுச்சீட்டு வாங்குகிறார்கள். "இட்டுச் செல்லாத" என்பதே சட்டத்தின் சொல் என்பதால், கடைசியில் டிப்ளோமாவில் முடியும் பாடநெறியின் முதற் பகுதியும் அதற்கு இட்டுச் செல்வதுதான். இது பற்றுச்சீட்டைப் பிரித்து மாற்றக்கூடிய விடயமல்ல. வேறு விதமாகவும் பார்க்கலாம். படிப்பு தேவையா என்பதை வரி தீர்மானிக்கவேண்டியதில்லை. டிப்ளோமா படித்த கண் ஒரு போலிக் கல்லைத் தவிர்த்தால் கிடைக்கும் இலாபம், கழிக்க முடியாமற்போன கட்டணத்தின் வரியைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்கலாம்.

கருத்தரங்கோடு சேர்ந்த இராப்போசன விருந்தின் காசு உபசரணைச் செலவாகப் பார்க்கப்படும், அதற்குக் கழிவு இல்லை. பற்றுச்சீட்டில் பாடநெறிக் கட்டணத்தையும் சாப்பாட்டையும் வேறாக எழுதித் தரச்சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மறைந்துபோன 12 இலட்சம்

படிப்புச் செலவைக் கழிக்கலாம் என்று பலர் இன்னும் உறுதியாகச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் அது உண்மையாகவே இருந்தது. 2021ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், நாட்டில் வசிக்கும் தனியாட்களுக்கு ஆண்டுக்கு 12 இலட்சம் ரூபா வரையிலான செலவு நிவாரணம் ஒன்றைக் கொடுத்தது. மருத்துவச் செலவு, வீட்டுக் கடன் வட்டி போன்றவற்றோடு, தனக்கோ பிள்ளைகளுக்கோ உள்நாட்டில் செய்த தொழிற்கல்விச் செலவும் ஏனைய கல்விச் செலவும் அதில் அடங்கின. இது வியாபாரச் செலவு அல்ல, தனியாளுக்குரிய நிவாரணம். ஆகையால் சம்பளக்காரரும் பெற்றனர், ஓய்வு பெற்றவரும் பெற்றனர், பட்டமா டிப்ளோமாவா என்ற கேள்வியும் எழவில்லை.

பொருளாதார நெருக்கடிக்குப் பின் 2022ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இதை நீக்கியது. 2022 டிசம்பர் 31ஆம் திகதியோடு அது முடிந்தது. 2022/23 மதிப்பாண்டில் முதல் ஒன்பது மாதத்துக்கு 9 இலட்சம் ரூபா வரை மட்டும் கிடைத்தது. அதன் பிறகு பிள்ளையின் படிப்புச் செலவை வாப்பாவின் வருமானத்தில் கழிக்க எந்த வழியும் இல்லை. மகனைக் கடையில் ஊழியராகப் பதிந்துகொண்டு அவனுடைய பல்கலைக்கழகக் கட்டணத்தைக் கடைச் செலவாக எழுதுவோரும் உண்டு. கடையில் வேலை செய்யாத மகன், கடைக்குச் சம்பந்தமில்லாத படிப்பு என்றால் அது நிற்காது. ஊழியர் சேமலாப நிதி கட்டப்பட்டு உண்மையாக வேலை செய்யும் ஊழியர்களை, மகன் என்றும் பிறத்தியான் என்றும் பாராமல், கடைக்குத் தேவையான பயிற்சிக்கு அனுப்பினால் அந்தச் செலவு வேறு. அது வியாபாரத்தின் செலவு.

கையில் எவ்வளவு மிஞ்சும்?

2025 ஏப்ரல் 1ஆம் திகதி தொடங்கிய 2025/26 மதிப்பாண்டிலிருந்து தனிநபர் நிவாரணம் 12 இலட்சத்திலிருந்து 18 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. அதற்கு மேற்பட்ட முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், அடுத்த ஒவ்வொரு 5 இலட்சத்துக்கும் முறையே 18, 24, 30 வீதம், மிகுதிக்கு 36 வீதம்.

ஓய்வு பெற்ற கணக்காளர் ஒருவருக்குக் கடைகளிலிருந்து ஆண்டுக்கு 28 இலட்சம் ரூபா கட்டணம் வருகிறது, நிலையான வைப்பில் 6 இலட்சம் வட்டி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 34 இலட்சம். நிவாரணத்தைக் கழித்தால் 16 இலட்சத்துக்கு வரி. முதல் 10 இலட்சத்துக்கு 60,000, அடுத்த 5 இலட்சத்துக்கு 90,000, மிகுதி 1 இலட்சத்துக்கு 24,000. எல்லாமாக 1,74,000 ரூபா. இவர் செலவு எதையும் எழுதிவைக்கவில்லை.

எழுதிவைத்திருந்தால் நிறுவகச் சந்தா 45,000, குறுகிய பாடநெறி 35,000, கணினிக் கழிப்பனவு 50,000, தொலைபேசி, காகிதாதிகள், ஒரு வாடிக்கையாளரிடமிருந்து மற்றவரிடம் போகும் ஓட்டோச் செலவு ஆகியன 70,000 என 2 இலட்சம் கழிந்திருக்கும். வரிக்குரிய தொகை 14 இலட்சமாகி, வரி 1,32,000 ரூபாவாகக் குறையும். வித்தியாசம் 42,000 ரூபா. இதில் 28 இலட்சம் சம்பளமாக வந்திருந்தால் ஒரு சதமும் குறைந்திருக்காது.

இவ்வாறு தனியாகச் சேவை செய்வோருக்குக் கம்பனிகள் மாதம் 1 இலட்சம் ரூபாவுக்கு மேல் கட்டணம் கொடுக்கும்போது 5 வீத வரியைப் பிடித்துக்கொண்டு கொடுக்கவேண்டும் என்ற விதி 2023 ஜனவரி முதல் உள்ளது. வங்கி வட்டியில் பிடிக்கப்படுவது 2025 ஏப்ரல் முதல் 10 வீதம். மேலே சொன்ன உதாரணத்தில் வட்டியில் பிடித்த 60,000 ரூபா கடைசி வரியில் வரவு வைக்கப்படும். பிடித்ததற்கான சான்றிதழை வாங்கிவைக்காதவர் அதை இழப்பார். இந்த 5 வீதம் செலவைக் கழிக்காமல் முழுக் கட்டணத்தில் பிடிக்கப்படுவது. அதோடு வரி முடிந்துவிட்டது என்று விட்டுவிடுபவர், திரும்பப் பெறக்கூடிய காசை அரசாங்கத்திடம் விட்டுவைக்கவும் கூடும், கட்டவேண்டிய வரியைக் கட்டாமல் தண்டத்தில் மாட்டிக்கொள்ளவும் கூடும்.

பற்றுச்சீட்டு விடயத்தில் வியாபாரிகளுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஓய்வு பெற்ற உத்தியோகத்தர்கள் இதில் பழக்கமற்றவர்கள். சம்பளம் வாங்கிய காலத்தில் வரியைக் கம்பனி பார்த்துக்கொண்டது. இப்போது அனுமதிப்பத்திரத்தின் பிரதி, கட்டணம் கட்டிய சீட்டு, பாடநெறியின் விபரத்தாள் ஆகியவற்றை ஐந்து வருடத்துக்குப் பத்திரப்படுத்தவேண்டும். விபரத்தாளைத் தூக்கி எறியவேண்டாம். படிப்பு தொழிலோடு சம்பந்தப்பட்டது என்பதையும், டிப்ளோமாவில் முடியாதது என்பதையும் காட்டக்கூடியது அதுதான். தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு ஒன்று இருந்தால் பாதி வேலை முடிந்தது.

மதிப்பாண்டு மார்ச் 31இல் முடிகிறது. காலாண்டுத் தவணைகள் ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 ஆகிய திகதிகளிலும், மிகுதி வரி செப்டெம்பர் 30இலும் கட்டப்படவேண்டும். வரித் திரட்டை நவம்பர் 30க்கு முன் திணைக்களத்தின் ரமிஸ் இணையவழியில் சமர்ப்பிக்கவேண்டும். வருடத்தின் நடுவில் ஓய்வு பெற்றவர் அந்த வருடத்துச் சம்பளத்தையும், ஓய்வுக்குப் பின் உழைத்த தொழில் வருமானத்தையும் ஒரே திரட்டில் வெவ்வேறாகக் காட்டவேண்டும். ஓய்வு பெற்ற திகதிக்கு முன், வேலையில் இருந்தபோது கட்டிய சந்தாவைத் தொழில் பக்கத்துக்கு இழுப்பது அடிக்கடி நடக்கும் பிழை. புதிய தொழிலுக்காகவே முன்கூட்டிக் கட்டியது என்றால் வாதிடலாம், ஆனால் அதைக் கணக்காளரிடம் காட்டிய பின்னரே எழுதுங்கள். முடியுமானால் புதுப்பிக்கும் திகதியை ஓய்வுக்குப் பின் தள்ளிவைத்துக்கொள்வது இலகு.